கூட்டம் நடக்கிற வீடு

சனிக்கிழமை வந்தால் சூசை மேரிக்குக் கால் தரையில் பாவாது. மல்லாட்டைக் கொல்லையில் மற்றவர்கள் ஒரு கட்டுச் செடியில் கடலையை ஆய்ந்து முடிப்பதற்குள் இவள் அடுத்த கட்டை இழுத்து மடியில் போட்டிருப்பாள். நகக்கண்ணில் செம்மண் ஏறியிருக்கும், முதுகை மாசி வெயில் உரித்துக்கொண்டிருக்கும். அதையெல்லாம் கண்டுகொள்ள மாட்டாள்.

"இன்னாக்கா இவ்ளோ ஜல்தி? மாமா துபாய்லருந்து வர்றாரா?" என்று பக்கத்தில் குந்தியிருக்கிற ரோஜா கேட்பாள். ரோஜாவும் அதே மகளிர் குழுதான், அவளுக்கும் அதே அவசரம்தான். இருந்தாலும் கேட்காமல் இருக்க முடியாது அவளால்.

"துபாயி! படுத்த கட்டில உட்டு எறங்கனாதானேடி மத்ததெல்லாம்."

நெடுமேட்டூர் காலனி திண்டிவனத்திலிருந்து அனந்தபுரம் போகிற வழியில் உள்ளே தள்ளி இருக்கிறது. டிரைவருக்கு மனசிருந்தால் பஸ் நிற்கும், இல்லாவிட்டால் அடுத்த ஊரில் இறங்கி நடக்க வேண்டியதுதான். மாதா கோயில் ஒன்று, மாரியம்மன் கோயில் ஒன்று. ஏரிக்கரையை ஒட்டி மகளிர் குழுக் கட்டிடம். உள்ளே ஒரு மின்விசிறி உண்டு. அது ஆடுகிற ஆட்டத்தைப் பார்த்துவிட்டு அதற்கு நேர் கீழே ஒருத்தியும் உட்கார மாட்டாள், சுவரோரமாகத்தான் உட்காருவார்கள். அந்தக் கட்டிடத்தில் இத்தனை வருஷமாக நடந்ததெல்லாம் லோன் கூட்டம். கையெழுத்து, கைரேகை, சண்டை, கலைதல்.

போன ஐப்பசியில்தான் திண்டிவனத்து டிரஸ்ட் ஒன்றிலிருந்து அன்புச்செல்வி மேடம் ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள். முப்பது வயசு இருக்கும். சனிக்கிழமை மூன்றிலிருந்து ஐந்து வரை மனசுக்கு இதமாக ஒரு கைவேலை வகுப்பு என்றாள். நூலும் ஊசியும் டிரஸ்ட் கொடுக்கும்.

"பண்ணி எங்க குடுக்கணும் மேடம்?" என்று ரோஜா கேட்டாள்.

"எங்கயும் குடுக்க வேணாம்க்கா. விக்கறதுக்கு இல்ல. டார்கெட்டும் கிடையாது. உங்களுக்காக நீங்க பண்றது."

"எங்களுக்காகன்னா யாருக்கு?" என்று குப்பம்மாள் கேட்டாள். குழுவிலேயே மூத்தவள். காதும் கண்ணும் பாதிப் பாதி.

"உங்களுக்கும்மா."

"அதான், எங்க ஊட்டுக்கா?"

"வீட்டுக்கு இல்லம்மா. உங்களுக்கு. உங்க ஒருத்தருக்கு."

குப்பம்மாளுக்குக் கடைசி வரைக்கும் விளங்கவில்லை. மேடம் எல்லோரையும் கண்ணை மூடச் சொன்னாள், மூச்சை இழுக்கச் சொன்னாள், விடச் சொன்னாள். மூன்றாவது மூச்சில் குப்பம்மாள் குறட்டைக்குப் போய்விட்டாள். அன்றைக்கு அந்தக் கட்டிடத்தில் எழும்பிய சிரிப்பைக் கேட்டு ஏரியில் துணி துவைத்தவர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள்.

கொக்கி வைத்த ஊசியால் நூலைப் பின்னுகிற குரோஷா வேலைதான் கற்றுத் தந்தாள். முதலில் சங்கிலி, அப்புறம் வட்டம். வட்டம் சுற்றிச் சுற்றிப் பெரிதாகித் தட்டையான விரிப்பாக வர வேண்டும். எல்லோருக்கும் ஏதோ ஒரு மாதிரி வந்தது. சூசை மேரிக்கு மட்டும் வரவில்லை. அவள் கை இறுக்கம். களைக்கொத்தைப் பிடிக்கிற பிடியிலேயே ஊசியையும் பிடிப்பாள், நூலைச் சுண்டிச் சுண்டி இழுப்பாள். நாலு சுற்று போவதற்குள் விளிம்பெல்லாம் மேலே எழும்பி விரிப்பு கிண்ணமாகிவிடும்.

"கொஞ்சம் லூசா போடுங்கக்கா. கைய தளர விடுங்க."

"தளரத்தான் உட்றேன் மேடம், அது கேக்க மாட்டுது."

"சூசை மேரியக்கா பாயி போட்டா பானை வருது" என்றாள் ரோஜா. சூசை மேரி அந்தக் கிண்ணத்தைத் தூக்கி ரோஜா தலையில் கவிழ்த்தாள். "பிசப்பு வந்துட்டாருடி, தொப்பிய பாரு, முட்டி போடுங்க" என்று யாரோ கத்த, மறுபடி ஒரு சிரிப்பு.

அதை அவள் பிரிக்கவில்லை. மேடம் பிரித்துத் திரும்பப் போடச் சொன்னதற்கு, "கெடக்கட்டும் மேடம்" என்று பைக்குள் வைத்துக்கொண்டாள். ஒவ்வொரு வாரமும் அதற்கே இன்னொரு சுற்று போட்டாள். கிண்ணம் செம்பானது. வெள்ளை நூலில் இரண்டு வரி, நீலத்தில் ஒரு வரி. எதற்கென்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. எதற்கும் இல்லாத ஒன்று தன் கையால் வளர்வதே போதுமாக இருந்தது. வாழ்க்கையில் அவள் கை பட்டதெல்லாம் யாரோ தின்றார்கள், யாரோ உடுத்தினார்கள், யாரோ விற்றார்கள். இந்த ஒன்றை யாரும் ஒன்றும் செய்ய முடியாது.

அந்த இரண்டு மணி நேரம் வாயும் சும்மா இருக்காது. குனிந்து ஊசியைப் பார்த்துக்கொண்டு பேசினால் எதை வேண்டுமானாலும் பேசலாம் போலிருக்கிறது. ரோஜா தன் புருஷன் குமரேசனைப் பற்றிச் சொல்லுவதை மூடிய கதவுக்குள்தான் கேட்க முடியும். சிரிக்கச் சிரிக்கச் சொல்லிக்கொண்டே வருவாள், ஒரு இடத்தில் குரல் கம்மும். அப்போது யாரும் நிமிர்ந்து அவளைப் பார்க்க மாட்டார்கள். அவரவர் ஊசி அவரவர் கையில் ஓடும். அவள் மூக்கை உறிஞ்சிவிட்டுத் திரும்பச் சிரிப்புக் கதைக்கு வந்துவிடுவாள்.

இது இப்படிப் போய்க்கொண்டிருக்கும்போதுதான் தேவசகாயம் விழுந்தான்.

சூசை மேரியின் புருஷன் தேவசகாயம் கம்பி கட்டுகிற மேஸ்திரி. குயிலாப்பாளையம் பக்கம் ஒரு மாடி வீட்டு வேலையில், பொங்கல் கழிந்து இரண்டாம் வாரம், சாரம் சறுக்கிக் கீழே வந்தான். தொடை எலும்பு முறிந்து பிளேட் வைத்து அனுப்பினார்கள். ஆறு மாசம் பாரம் ஊன்றக் கூடாது. கெட்டவன் என்று சொல்ல முடியாது. கை நீட்ட மாட்டான். சனிக்கிழமை கூலி வாங்கினால் குடிப்பான், ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வந்துவிடுவான். ஆனால் ஓடியாடிய மனுஷனை ஒரு கட்டிலில் போட்டால் அவன் வீட்டையே கட்டிலாக்கிவிடுகிறான். ஃபேன் வேகம் சரியில்லை, குழம்பில் உப்பு சரியில்லை, வெளியே நாய் குரைப்பது சரியில்லை.

கூட்டம் ஆரம்பித்துக் கால் மணி ஆகியிருக்காது, ஃபோன் அடிக்கும். மகள் எலிசா பேரை வைத்துத்தான் அவளைக் கூப்பிடுவான்.

"எலிசாம்மா, ரிமோட்டு எங்க?"

"தலகாணி அடியில பாரு."

"இல்ல. வந்து பாத்து குடுத்துட்டு போ."

போவாள். தலையணைக்கு அடியில்தான் இருக்கும். திரும்பி வந்து ஊசியை எடுப்பாள். மறுபடி அடிக்கும். மாத்திரை, தண்ணீர், சார்ஜர். போய்ப் போய் வருவதிலேயே இரண்டு மணி நேரம் தீரும். "ஃபோன ஆஃப் பண்ணி வைக்கா" என்பாள் ரோஜா. படுக்கையில் கிடக்கிறவனை வைத்துக்கொண்டு ஃபோனை எப்படி அணைப்பது? அப்படியும் அவள் ஒரு சனிக்கிழமையைக் கூட விட்டதில்லை.

மாசி நடுவில் ஒருநாள் மாலை மல்லாட்டைக் கொல்லையிலிருந்து வந்தவள், வாசலில் நின்றே வீடு அமைதியாக இருப்பதைக் கவனித்துப் பயந்துபோனாள். டிவி இல்லை, சத்தம் இல்லை. உள்ளே போனால் தேவசகாயம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து குரோஷா ஊசியை ஓட்டிக்கொண்டிருந்தான்.

"இன்னாய்யா பண்ற?"

"பொழுது போவல. உம் பைய நோண்டனேன். இது இன்னாமே பெரிய வித்த? கம்பி கட்ற கொக்கியும் இதே மாதிரிதான். உடு, வளை, இழு. அவ்ளோதான்."

இருபது வருஷம் கட்டுக்கம்பியைக் கொக்கியால் முறுக்கிய கை. எந்தக் கட்டுக்கு எவ்வளவு இழுக்க வேண்டும் என்று விரலுக்கே தெரியும். அவன் கையிலிருந்த மஞ்சள் வட்டம் தட்டில் ஊற்றிய மாவு போலத் தட்டையாகக் கிடந்தது. சூசை மேரிக்குச் சிரிப்பு வந்தது. முறுக்கு மீசையும் பிளேட் வைத்த காலுமாக மனுஷன் பூவிரிப்பு போடுகிறான். பிரார்த்தனை பலித்துவிட்டது என்றுதான் அப்போது நினைத்தாள். அன்று இரவு கேப்பைக் களியையும் கருவாட்டுக் குழம்பையும் ஒரு வார்த்தை குறை சொல்லாமல் தின்றான், நன்றாகத் தூங்கினான். மாதாவுக்கு ஒரு மெழுகுவர்த்தி என்று நேர்ந்துகொண்டாள்.

மெழுகுவர்த்தி ஏற்றின கையோடு வந்தது அடுத்தது.

"உன்னுது ஒண்ணு கோணக் கோணயா கெடந்துதே, நீல வரி வெச்சி. அத பிரிச்சி ஒழுங்கா போட்டு வெச்சிட்டேன். பாரு."

கட்டில் மேல் ஒரு வட்டம் விரிந்து கிடந்தது. அதே வெள்ளை நூல், அதே நீல வரி. ஒரு சுருக்கம் இல்லை. அந்தச் செம்பு இல்லை.

"அத ஏன் பிரிச்ச?"

"தப்பா இருந்துது."

"தப்பாத்தான் இருந்துது. ஏன் பிரிச்ச?"

"இன்னாமே பேஜாரு இது? கஷ்டப்பட்டு போட்டு குடுத்தா நல்லாருக்குன்னு ஒரு வார்த்த வருதா உன் வாயில?"

அவளுக்குச் சொல்வதற்கு என்ன இருக்கிறது? ஒழுங்காகத்தான் போட்டிருக்கிறான். யாரிடம் போய் இதை ஒரு குறையாகச் சொல்லுவாள்? எண்ணெய்ச் சட்டியை விளக்கப் போனாள். அன்றைக்கு அந்தச் சட்டி பட்ட பாடு அதற்குத்தான் தெரியும்.

மகள் எலிசா விழுப்புரத்தில் நர்சிங் படிக்கிறாள், தினம் பஸ்ஸில் போய்வருகிறாள். அவள் அப்பன் பின்னுவதை வீடியோ எடுத்துப் பாட்டுப் போட்டு அனுப்பிவிட்டாள். காலனி வாட்ஸ்அப்பில் பரவி, கோயில் பங்கு வாட்ஸ்அப்பில் பரவி, ஞாயிற்றுக்கிழமை பூசையில் சாமியாரே பிரசங்கத்தில் சொல்லிவிட்டார். பங்கில் இத்தனை பெண்கள் இத்தனை மாசமாகப் பின்னியது ஒருத்தர் கண்ணிலும் பட்டதில்லை. கோயிலை விட்டு வெளியே வந்தால் ஆளாளுக்குச் சூசை மேரியைப் பிடித்துக்கொண்டார்கள்.

"குடுத்து வெச்சவடி நீ. எந்த ஆம்பள இப்டி பண்ணுவான்?"

"எம் புருசன் ஒரு பொத்தான் தெச்சி நான் பாத்ததில்ல."

சூசை மேரி சிரித்துக்கொண்டே நின்றாள். கன்னம் வலித்தது.

அடுத்த சனிக்கிழமை மேடம் நேரே வீட்டுக்கே வந்துவிட்டாள். தேவசகாயத்தை ஃபோட்டோ எடுத்தாள், அவன் பின்னினதை எடுத்தாள், இரண்டையும் சேர்த்து எடுத்தாள். பிறகு குழுக் கட்டிடத்துக்கு வந்து எல்லோரையும் உட்கார வைத்துச் சொன்னாள்.

"அண்ணாவையும் நம்ம குரூப்ல சேத்துக்கலாமா? அவருக்கு எவ்ளோ ஹீலிங்கா இருக்கு பாருங்க. மத்த ஆண்களுக்கும் ஒரு ரோல் மாடலா இருக்கும்."

ஒருத்தி ரோஜாவைப் பார்த்தாள், ரோஜா ஊசியைப் பார்த்தாள்.

"ஆனா அவரால இந்தப் படி ஏற முடியாது. அதனால கால் சரியாகுற வரைக்கும் சூசை மேரியக்கா வீட்ல வெச்சிக்கலாம். அக்கா, உங்களுக்கு ஓகேதானே?"

பத்துப் பன்னிரண்டு பேர் திரும்பிப் பார்க்கும்போது கட்டின புருஷன் பேச்சில் ஓகே இல்லை என்று எவள் சொல்லுவாள்?

"ஓகே மேடம்" என்றாள்.

கட்டிடத்தைப் பூட்டிச் சாவியை அவள் கையிலேயே கொடுத்தார்கள். வீட்டில் கொண்டுபோய் ஆணியில் மாட்டினாள்.

அதற்கப்புறம் சனிக்கிழமை என்றால் விடியற்காலையிலிருந்தே வேலை. வாசல் தெளிக்க, வீடு கூட்ட, மூத்திரக் குடுவையைக் கழுவி மறைவில் வைக்க, பாய் கடன் வாங்க. கொல்லைக்குப் போய் அரை நாள் ஆய்ந்துவிட்டு ஓடிவந்து, முகம் கழுவுவதற்குள் ஆட்கள் வந்துவிடுவார்கள். வந்தவர்களுக்குத் தண்ணீர். தண்ணீர் கொடுத்தால் டீ. வெறும் டீயா? அவித்த மல்லாட்டை ஒரு தட்டு. குழுக் கட்டிடத்தில் இத்தனை மாசம் ஒருத்தியும் டீ கேட்டதில்லை. வீடு என்று வந்துவிட்டால் டீ இல்லாமல் எப்படி? அவளே அடுத்தவள் வீட்டுக்குப் போனால் எதிர்பார்ப்பாள்தானே.

இரண்டாவது வாரம் பாய் விளிம்பில் வந்து உட்கார்ந்து பார்த்தாள். ஊசியை எடுத்து ஒரு சங்கிலி போடுவதற்குள் மேலே ஒட்டடை கண்ணில் பட்டது. அடுத்த சங்கிலிக்குக் கொடியில் காய்கிற துணி. அதற்கடுத்ததற்கு, "எலிசாம்மா, மேடத்துக்கு ஃபேன திருப்பி வைய்யேன்." எழுந்தவள் எழுந்தவள்தான்.

பேச்சும் மாறிப்போயிற்று. புருஷன்மாரைப் பற்றிப் பேசுகிற இடத்தில் ஒரு புருஷனைக் கொண்டுவந்து நடுவில் உட்கார வைத்தால் யார் வாயைத் திறப்பாள்? தேவசகாயம்தான் பேசினான். பாண்டிச்சேரியில் கட்டின பங்களா, வெள்ளைக்காரன் ஒருத்தன் கொடுத்த கடிகாரம், சாரம் எப்படிச் சறுக்கியது என்ற கதை. நடுநடுவே ஒவ்வொருத்தி வேலையையும் வாங்கிப் பார்த்து, "இங்க ஒண்ணு உட்டுட்ட பாரும்மா" என்று சொல்லிக்கொடுப்பான். நல்ல மாதிரியாகத்தான் சொல்லுவான். ரோஜா வெற்றிலை துப்பப் போகிறமாதிரி பின்பக்கம் வந்து அடுப்பங்கரையில் நின்றாள்.

"யக்கா, ஒரு வார்த்த பேச முடியலக்கா. மூச்சு முட்டுது."

"அத மேடத்தாண்ட சொல்லு."

"நீ சொல்லு. உன் ஊட்டுக்காரரு."

"நான் எப்டிடி சொல்லுவன்?"

"அப்ப நான் மட்டும் எப்டி சொல்லுவன்?"

இருவரும் கொதிக்கிற டீயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். உள்ளே மேடத்தின் குரல் கேட்டது.

"அண்ணா, இன்னிக்கு நீங்க உங்க மனசுல இருக்கறத ஷேர் பண்ணுங்க. இது நம்ம சேஃப் ஸ்பேஸ்."

அப்புறம் தேவசகாயம் தொண்டையைச் செருமினான்.

"இன்னாத்த சொல்றது மேடம். மொத மாசம் செத்துரலாம்னுதான் இருந்துது. எம் பொண்டாட்டி காலையில வேலைக்கி போயிரும். இந்தக் கூரையவே பாத்துகினு கெடப்பேன். அது வந்து என்னெ தொடச்சி உட்டு, சோறு குடுத்து... அது கையால வாங்கி தின்றதுக்கு நாண்டுகினு சாவலாம்னு இருக்கும். அதான் கத்துவேன். கத்தலன்னா அழுதுருவேன் மேடம்."

பெண்கள் முந்தானையைக் கண்ணுக்குக் கொண்டுபோனார்கள். சூசை மேரி டம்ளர் தட்டோடு நிலைப்படியில் நின்றாள். இருபது வருஷம் குடும்பம் நடத்தியவன், இதில் ஒரு சொல்லை அவளிடம் சொன்னதில்லை. பாவமாக இருந்தது. அதைவிட ஆத்திரமாக இருந்தது. இரண்டும் ஒன்றாக வந்தால் என்ன செய்வது என்று தெரியவில்லை. பின்னால் சுர்ரென்று சத்தம், டீ பொங்கி அடுப்பு மேல் வழிந்துவிட்டது. ஓடினாள்.

"அக்கா எவ்ளோ சப்போர்ட்டா இருக்காங்க பாருங்க! அக்காவுக்கு ஒரு கைதட்டு குடுங்க" என்றாள் மேடம் உள்ளேயிருந்து.

கைதட்டல் கேட்கும்போது சூசை மேரி கரித்துணியால் அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் பூசை முடிந்து வந்து, சாப்பாடு ஆன பிறகு, அவன் நல்ல மனநிலையில் இருந்த நேரம் பார்த்து மெல்ல ஆரம்பித்தாள்.

"எலிசாப்பா, கூட்டத்த திரும்ப ஏரிக்கரையிலயே வெச்சிக்கலாமா?"

"ஏன், இங்க இன்னா கொறச்சல்?"

"எனக்கு போய் குந்தணும்."

"இங்க குந்தேன். யாரு வேணான்னது?"

"இங்க குந்த முடியல."

"ஏன் முடியல?"

"ஊட்ல குந்துனா ஊட்டு வேல கண்ணுல படுது."

"பட்டா பட்டுட்டு போவுது. உட்டுடு."

"உட்டுட்டா டீ யாரு போடுவா?"

"டீதானே. அது ஒரு வேலயா?"

சூசை மேரி அவன் சாப்பிட்ட தட்டை எடுத்தாள். அவன் காலை நகர்த்திவைத்துக் கொஞ்சம் இறங்கிவந்தான்.

"தோ பாரு. வாரம் பூரா இந்தச் செவுத்த பாத்துகினு கெடக்கறேன். அந்த ரெண்டு மணி நேரம்தான் எனக்கு மனுசங்க மொகம். அதயும் புடுங்கிக்கணும்னா சொல்லு, புடுங்கிக்கோ."

"எனக்கும் அந்த ரெண்டு மணி நேரம்தாய்யா."

"நீ தெனமும்தான் நாலு பேரோட கொல்லையில இருக்கற."

அது என்ன பதில் என்று அவள் யோசிக்கும்போதே, எலிசா புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கினாள். "யம்மா, அப்பா இப்பதான் சிரிக்கிறாரு. உடேன்."

விட்டாள். விடாமல் என்ன செய்வது? மனுஷனுக்கு மனசு சரியாகிவருகிறது. அதைக் கெடுத்தவள் என்று பேர் எடுக்கவா? பொறாமை பிடித்தவள் என்பார்கள். பொறாமைதானோ என்று அவளே தன்னைக் கேட்டுப் பார்த்தாள். பொறாமையும் உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அது மட்டும் இல்லை. பசிக்கிறவன் இலையை இன்னொரு பசிக்கிறவனுக்கு எடுத்துவைத்துவிட்டு, நீ பரிமாறு என்கிறார்கள். இதை யாரிடம் சொன்னால் புரியும்?

குருத்தோலை ஞாயிற்றுக்கு முந்தின சனிக்கிழமை. வெயில் அனலாகக் கொட்டியது. டிரஸ்டிலிருந்து மேடத்தோடு இன்னும் இரண்டு பேர் காரில் வந்திறங்கினார்கள், தேவசகாயத்தைப் பார்க்க. அவன் சலவைச் சட்டை போட்டுக் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். சூசை மேரியின் துணிப்பை அவன் மடியில் இருந்தது, அவள் ஊசி அவன் கையில். வந்தவர்களை எண்ணிப் பார்த்தால் பால் போதாது.

"கடைக்கி போயி ரெண்டு பாக்கிட்டு வாங்கியாந்துரு. சீக்கிரம் வா, சாருங்க கெளம்பிருவாங்க" என்றான்.

செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினாள். கடையில் இரண்டு பாக்கெட் வாங்கினாள். ஜில்லென்று கையில் பட்டது நன்றாக இருந்தது. திரும்பி வரும்போது மாதா கோயில் பக்கம் வலதுபுறம் திரும்பினால் வீடு. நேரே போனால் ஏரிக்கரை. எத்தனையோ சனிக்கிழமை இதே நேரத்துக்கு, இதே வெயிலில், நேரே போன கால். இன்றைக்கும் போயிற்று. தப்பான வழியில் போகிறோம் என்று பாதி தூரத்தில் தெரிந்தது. தெரிந்தபிறகும் நிற்கவில்லை.

கட்டிடம் பூட்டிக் கிடந்தது. சாவி வீட்டில், ஆணியில். வேப்பமர நிழல் படியில் பாதி விழுந்திருந்தது. அந்தப் பாதியில் உட்கார்ந்தாள். பால் பையை மடியில் வைத்துக்கொண்டாள். கையில் ஊசி இல்லை, நூல் இல்லை. ஏரியில் தண்ணீர் நடுவில் மட்டும் கிடந்தது, நாலு எருமை அதில். ஒருத்தரும் அவளை எதற்கும் கூப்பிடவில்லை. அப்படியே உட்கார்ந்திருந்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது. துடைக்கவில்லை, தானாகக் காயட்டும் என்று விட்டாள்.

கரை மேல் யாரோ கம்பு ஊன்றி வருகிற சத்தம். குப்பம்மாள்.

"யாரு அது, சூசை மேரியா? இன்னாடி கதவு தொறக்கல இன்னம்?"

"இங்க எங்க அத்த வந்த? கூட்டம் எங்க ஊட்லதானே."

"அட, ஆமாண்டி! மறந்தே பூட்டேன். காலு பாட்டுக்கு இங்க வந்துட்டுது." குப்பம்மாள் நின்று மூச்சு வாங்கினாள். பிறகு கண்ணை இடுக்கிப் பார்த்தாள். "உன் ஊட்ல கூட்டம். நீ இங்க இன்னா பண்ற?"

"கூட்டத்துக்கு வந்தேன்."

குப்பம்மாள் அதைக் கொஞ்ச நேரம் மென்றாள். "தள்ளிக் குந்து, நெழல எல்லாம் நீயே புடிச்சிகினா எப்டி?" என்று பக்கத்தில் உட்கார்ந்து கம்பைச் சாய்த்துவைத்தாள்.

ஃபோன் அடித்தது.

"எங்க பூட்ட? பாலு எங்க? அடுப்புல தண்ணி வத்திகினு இருக்குதாம், ரோஜா சொல்லுது."

ரிமோட்டுக்கு எழுந்து, மாத்திரைக்கு எழுந்து, பழகிப்போன உடம்பு இப்போதும் பாதி எழுந்துவிட்டது. முழங்காலில் கையை ஊன்றி அதைத் திரும்ப உட்கார வைத்தாள்.

"நான் கூட்டத்துல இருக்கறேன்."

"எந்தக் கூட்டம்? கூட்டம் இங்கதானடி நடக்குது!"

"அங்க உன் கூட்டம் நடக்குது. நான் என் கூட்டத்துல இருக்கறேன். முடிஞ்சதும் வர்றேன்."

"ஏய், சாருங்கல்லாம்..."

ஃபோனை அணைத்தாள். திரும்ப வெளிச்சம் வராதபடி அழுத்தி, நன்றாக அணைத்தாள். வீட்டுக்குப் போனால் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். அவன் கத்துவான், இல்லாவிட்டால் அழுவான். எலிசா முகத்தைத் திருப்பிக்கொள்ளுவாள். ஊர் ஒரு மாசம் இதையே பேசும். எல்லாம் தெரிந்துதான் உட்கார்ந்திருந்தாள்.

குப்பம்மாளின் கை மடியிலிருந்த பையைத் தடவிப் பார்த்தது.

"பாலாடி இது?"

"ம்."

"இந்த வெயிலுக்கு திரிஞ்சிருமே."

"திரியட்டும்."

குப்பம்மாள் கதவில் முதுகைச் சாய்த்துக் கண்ணை மூடினாள். மூன்று மூச்சு ஆகியிருக்காது, குறட்டை வந்துவிட்டது. சூசை மேரி பையைப் பக்கத்தில் வெயிலிலேயே இறக்கி வைத்துவிட்டுக் காலை நீட்டிக்கொண்டாள். கூட்டம் ஐந்து மணிக்குத்தான் முடியும்.